கையில் வைத்துக்கொள்ள ஒரு புத்தகம்

நாவலில் யார் கையிலாவது புத்தகம் இருந்தால் நான் உஷாராகிவிடுவேன். அவர் என்ன படிக்கிறார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று எழுதியவர் சொல்கிறாரா பார்ப்பேன். சொல்லவில்லையென்றால் அந்த ஆள் படிக்கிறவரே இல்லை, வெறும் ஜோடனை. இந்தக் கெட்ட புத்தி எனக்குப் பத்தொன்பது வயதில், காரைக்காலில் வந்தது.

எழுபதுகளின் கடைசி. வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். அதில் கதாநாயகி எப்போதும் ஒரு தடித்த பக்தி நூலும் கையுமாக இருப்பாள். கதை முடிகிற வரைக்கும் அதிலிருந்து ஒரு வரி அவள் வாயில் வரவில்லை. அதே வீட்டில் சமைக்கிறவளோ, மளிகைப் பொட்டலம் மடித்து வந்த காகிதத்தைப் பிரித்துப் படிப்பாள். ஒரு நாள் பாதிக் கதையில் காகிதம் முடிந்துவிட, மீதியைத் தேடி மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தையும் பிரித்து, அரிசியில் கொட்டித் திட்டு வாங்குவாள். எனக்கு அவளைத்தான் பிடித்தது. கதாநாயகிக்கு ஆசிரியர் புத்தகம் கொடுத்தாரே தவிர, பக்கம் கொடுக்கவில்லை.

அந்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாப்பிள்ளையின் அப்பாதான் அந்த பென்ஷன்காரர். என் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் தொடர்கதைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிரான்சுக்குக் குடிபோன பக்கத்து வீட்டார் விட்டுப்போன, தோல் அட்டை போட்ட பிரெஞ்சு செபப் புத்தகத்தை என் கையில் திணித்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சில் ஓர் எழுத்து தெரியாது.

“எனக்கு இதைப் படிக்கத் தெரியாதேப்பா.”

“சும்மா மடியில வச்சிக்கிட்டு உக்காரு, போதும். அவங்க என்ன பரீட்சையா வைக்கப் போறாங்க?”

வைத்தார்கள். கேசரியும் காபியும் முடிந்ததும் பென்ஷன்காரர் புத்தகத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். “அட, எங்க காலத்துப் புத்தகம்! ஒரு செபம் வாசிம்மா, கேப்போம்.”

அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டவர்மேல் இல்லை, மடியில் கிடந்த அந்தத் தோல் அட்டைமேல். இப்போது ஏதாவது சொல்லிச் சமாளித்தால் இவர்கள் கூட்டிக்கொண்டு போகப்போவது அந்தக் கதாநாயகியை. அங்கே நான் காலமெல்லாம் ஒளித்து வைத்துத்தான் படிக்க வேண்டும்.

“எனக்கு பிரெஞ்சு தெரியாதுங்க. இது என் புத்தகமும் இல்லை” என்றேன். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து என் பைண்டு புத்தகத்தை எடுத்து வந்து அவர்முன் வைத்தேன். “நான் படிக்கிறது இதுதாங்க. எங்க வேணா பிரிங்க, வாசிக்கிறேன்.”

மாப்பிள்ளையின் அம்மா அதை ஒற்றை விரலால் தள்ளினார். “கல்யாணத்துக்கு அப்புறம் இதுக்கெல்லாம் ஏது நேரம்?”

“நேரம் இருக்கும்ங்க” என்றேன்.

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் அப்பா வெடித்தார்.

“ஒரு அரை மணி நேரம் அந்தப் புத்தகத்தைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியலியா உனக்கு?”

“அரை மணி நேரம்னா உக்காந்திருப்பேன்ப்பா. நீங்க ஆயுசு பூராவுமில்ல புடிச்சிக்கிட்டு உக்காரச் சொல்றீங்க.”