அண்ணியின் கை போதுமாம்

போன மாதம் சென்னையில் ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய ஓட்டல். கை கழுவப் போகிற வழியில், சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தறிமேல் இரண்டு கைகள். கீழே ‘அன்றாட வாழ்வின் அழகு’ என்று எழுதியிருந்தது. வலது ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. சின்ன வயதில் கதவில் நசுங்கிப் போன நகம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது என் அண்ணியின் கை. அப்புறம் சாப்பிட்ட ஐஸ்கிரீம் இனித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணியில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவித்த நெல் வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. அந்தச் சட்டையோடுதான் பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோவில் முதல் படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் வாசனை வராது என்ற தைரியம்தான். பின்னால் துணியில் வரைந்த தாஜ்மகால், கையில் நண்பனின் கடிகாரம், மூஞ்சியெல்லாம் பவுடர். சிரிப்பு வருகிறதா? வரட்டும். எங்கள் ஊரில் படம் என்றால் அதுதான். இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, நானும் ஒரு ஆள் என்று நிமிர்ந்து நிற்பது.

அண்ணிக்கு அப்படி ஒரு படம்கூட இல்லை. தேசூரில் நடந்த கல்யாணத்துக்கு, மழையில் பஸ் ஓடாததால் போட்டோக்காரர் வரவில்லை. அப்புறம் ஸ்டுடியோவுக்குப் போகத் தறி விடவில்லை. “உன்னுதாவது இருக்குதேப்பா” என்று என் தாஜ்மகாலைத் துடைத்து வைப்பார்.

அப்போதுதான் அவர் வந்தார். ஊர் ஊராகச் சுற்றிப் படம் எடுக்கிற மெட்ராஸ்காரர், தோளில் இரண்டு கேமரா. தெருவில் நீட்டியிருந்த பாவு நூலை எடுத்தார், சாயம் காய்வதை எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிடுகிறேன். “நாளைக்குக் காலைல உங்களை எடுக்கிறேம்மா” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பட்டு நெய்கிற வீட்டில் பட்டுப் புடவை இருக்கும் என்று நினைப்பீர்கள். கிடையாது. தறியிலிருந்து அறுத்த புடவை, பாவு கொடுத்த முதலாளியுடையது. யாராவது உடுத்தி மடிப்பு கலைந்தால் அவர் தொட மாட்டார், அடுத்த பாவும் கொடுக்க மாட்டார். ஒரு இழையைக்கூட வீணாக்காத என் அண்ணி, மறுநாள் காலையில் புதிதாய் அறுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

அண்ணன் பதறிப்போனார். “இன்னாடி இது? மொதலாளிக்குத் தெரிஞ்சா?”

“ஒரு படம் எடுத்துகினு ஜல்தியா அவுத்துடறேன்.”

மெட்ராஸ்காரர் வந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

“இது வேணாம்மா. செயற்கையா இருக்கு. நேத்து கட்டியிருந்தீங்களே அந்தப் பழைய பொடவை, அதுலதான் அழகு.”

“போட்டோன்னா நல்லதா கட்டிகினுதானே சார் நிக்கணும்?”

“மொகம் வேணாம்மா. தறில ஒக்காருங்க. கை போதும்.”

கை போதுமாம்! யாருக்குப் போதும்? அழகைத் தேடி ஊர் ஊராக அலைந்த மனிதர், எதிரிலேயே அழகாக வந்து நின்றவளை உள்ளே போய்க் கலைத்துவிட்டு வரச் சொல்கிறார். அண்ணி புடவையை மாற்றிக்கொண்டு வந்து தறியில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே முதலாளி, கொசுவம் வைத்த மடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார். தெருவே கேட்கக் கத்தினார். தீபாவளி வரைக்கும் எங்கள் தறியில் பாவு ஏறவில்லை. அப்புறம் நான் எத்தனை முறை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டாலும், “பேஜாரு, வுடுப்பா” என்பார் அண்ணி.

எண்பதுகளின் நடுவில் காய்ச்சலில் போய்விட்டார். மகள் அப்போது கைக்குழந்தை. காரியத்தன்று படத்துக்கு மாலை போடுவார்கள் இல்லையா? நாங்கள் வெறும் விளக்குக்குப் போட்டோம்.

அந்த மகளுக்கு இப்போது நாற்பது ஆகப்போகிறது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு இன்னும் கேட்கிறாள்: “எங்கம்மா மூக்கு இப்படித்தான் இருக்குமா சித்தப்பா?”

ஆமாம் என்கிறேன். கோபம் அத்தனையும் அப்படியே இருக்கிறது. அந்த மூக்குதான் எனக்கு ஞாபகம் இல்லை.