பெர்பெட்டுவா காய்ச்சிய எண்ணெய்

நாற்பத்தாறு வயதுவரை என் சின்னம்மா பெர்பெட்டுவா எந்த வண்டியின் முன்மூடியையும் திறந்து பார்த்ததில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் அவள் சமையல்காரி. அறுபது பிள்ளைகளுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு அவித்துப் போடுவாள். செம்புச் சுரங்கத்தை முன்னிட்டுச் சண்டை மூண்டு, அரசுப் படை எங்கள் பூகன்வில் தீவைச் சுற்றிக் கடலை அடைத்ததும் பள்ளியை மூடிவிட்டார்கள். உப்பு, சோப்பு, மருந்து, டீசல் எதுவுமே வரவில்லை.

அவள் அண்ணன் தேமியன், எனக்கு மாமா, அந்தச் சுரங்கத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய டீசல் வண்டி மாதக்கணக்கில் அசையாமல் நின்றது. இருக்கையில் கோழி அடைகாத்தது. கரையோர ஊர்களில் யாரோ தேங்காயெண்ணெயில் வண்டி ஓட்டுவதாகக் கேள்விப்பட்டு, மாமாவும் ஊற்றிப் பார்த்தார். வண்டி இருபதடி ஓடி, இருமி, நின்றுவிட்டது.

மாமாவின் மச்சான் பிளேஸ் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மச்சான், இஞ்சினுக்கு வாழைக்கா வறுவல் வேணுமான்னு கேட்டுப் பாரு!”

சின்னம்மா சிரிக்கவில்லை. மிச்ச எண்ணெயில் விரலை விட்டு முகர்ந்தாள்.

“யாரு காய்ச்சுனது?”

“நான்தான்.”

“தெரியுது. தண்ணி அப்படியே கெடக்கு. சட்டியில ஊத்தினா மூஞ்சியில தெறிக்கும். உன் இஞ்சின் மட்டும் பேசாம குடிக்குமா?”

அன்றிலிருந்து எண்ணெய் அவள் பொறுப்பு. தேங்காயைத் துருவி, பிழிந்து, பாலைப் புளிக்கவிட்டு, மேலே திரண்டதை எடுத்துக் காய்ச்சினாள். சடசடப்பு முழுக்க அடங்காமல் அடுப்பிலிருந்து இறக்கமாட்டாள். பிறகு துணியை நான்காக மடித்து வடிகட்டுவாள். எங்கள் மலைக் குளிரில் விடிவதற்குள் எண்ணெய் உறைந்துவிடும். அதனால் காலையில் எண்ணெய் டின்னை வெந்நீரில் உட்காரவைப்பாள்.

“அக்கா புள்ளைய குளிப்பாட்டுறாங்க, யாரும் எட்டிப் பாக்காதீங்க!” என்பார் பிளேஸ்.

மூன்றாவது வாரம் வண்டி ஓடியது. கேலி செய்தாலும் பிளேஸ்தான் எல்லோரையும்விட அதிகம் காய் பறித்துப் போட்டார். ஒருநாள் மழை விட்ட கையோடு மரமேறி, வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. மருந்து கட்டும் நர்ஸ் இருந்தது மலைக்கு அந்தப்பக்கம். தூக்கிக்கொண்டு நடந்தால் ஒரு முழுநாள் ஆகும்.

வண்டியின் பின்னால் வாழையிலை பரப்பி அவரைக் கிடத்தினோம். சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பாதி ஏற்றத்தில் வண்டி திணறி நின்றது. மாமா இறங்கி முன்மூடியைத் திறந்தார்.

“வடிகட்டியத் தொறந்து பாருண்ணே,” என்றாள் சின்னம்மா. அடைத்திருந்தது. அவள் பையில் சலவை செய்த துணி இருந்தது. வடிகட்டிக்குப் பதிலாக வைக்க அதைக் கிழித்துக் கொடுத்தாள்.

“அக்கா,” என்று முனகினார் பிளேஸ். “இனிமே உன் எண்ணெயப் பத்தி ஒரு வார்த்த சொல்லமாட்டேன்.”

“சொல்லுப்பா, நல்லா சொல்லு. நீ பேசாம கெடந்தாதான் எனக்குப் பயமா இருக்கு.”

வண்டி கிளம்பி, நர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. எலும்பு கூடியது, ஆனால் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது.

செய்தி பரவி, மற்ற ஊர்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். சின்னம்மா நடந்தே போய் அங்கங்கே பெண்களுக்குப் பதம் காட்டினாள். ‘சத்தம் நிக்கட்டும், அப்புறம் எறக்குங்க’ என்பதுதான் அவள் சொன்ன முழுப் பாடம்.

சண்டை ஓய்ந்து கப்பலில் டீசல் வந்தது. மாமா அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியில் டீசலை நிரப்பினார். அன்று அவள் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். மறுநாள் வந்து, “சரி, எனக்கு ஓட்டச் சொல்லிக் குடு” என்றாள். மாமா தயங்கினார். பிளேஸ்தான் முன்வந்து, ஊன்றுகோலோடு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே அவருடைய சேப்பங்கிழங்குப் பாத்தி நாசமானது.

பிறகு பதினைந்து ஆண்டுகள், நர்ஸ் இருந்த ஊரில் டீசல் வாங்கக் காசில்லாததால், அங்கிருந்த ஜெனரேட்டருக்கு அவள்தான் எண்ணெய் காய்ச்சி, தானே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். கண் மங்கிய பிறகுதான் சாவியைக் கையிலிருந்து இறக்கினாள்.