தவேயுனி மலையில் எறும்புத் தோட்டம்

வசேமதா எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தவேயுனி தீவில் பதினெட்டு வருஷம் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். ஒருநாள் திடீரென்று, சம்பளமில்லாத நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். தலைநகர் சுவாவிலுள்ள பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, எறும்பு.

ஊரே சிரித்தது. அத்தை மகன் செமேசாவுக்குக் கேட்கவா வேண்டும்?

"எங்க வீட்டுச் சர்க்கரை டப்பாவுல ஆயிரம் எறும்பு இருக்கு டீச்சரம்மா. இதுக்குப் போய் சுவாவுல படிப்பா?"

"உன் டப்பா எறும்பு திருடும்டா. நான் படிக்கிற எறும்பு விவசாயம் பண்ணும்."

"அப்ப உன்னைவிட அதுவே தேவலை. நீ ஒரு தலோக் கிழங்காவது நட்டிருக்கியா?"

வாய்தான் அப்படி. மரம் ஏறத் துணை வேண்டும் என்றதும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றவன் அவன்தான்.

மலைச்சரிவில் பெரிய மரங்களின் உச்சிக் கிளைகளில், பானைபோல் உப்பிய செடிகள் ஒட்டி வளரும். உப்பலுக்குள் அறை அறையாக எறும்புகள் குடியிருக்கும். அந்தச் செடியின் விதையை எறும்புகளே பட்டை வெடிப்புகளில் ஊன்றுகின்றன என்று முன்பே சிலர் ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். எந்த இடமாகப் பார்த்து ஊன்றுகின்றன என்பதுதான் வசேமதாவின் கேள்வி. ஒன்பது மரங்களில், பதினான்கு மாதம், கயிற்றில் தொங்கியபடி முளைகளை எண்ணினாள். ஊன்றுவதை மட்டும் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் புயல் அடித்தது. மூன்றாம் நாள் பாதை திறந்ததும் இருவரும் மேலே ஏறினார்கள். ஏழு மரங்கள் வேரோடு கிடந்தன. வசேமதா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுது செமேசா. பதினாலு மாசமும் போச்சு."

செமேசா அதற்குள், சாய்ந்த மரத்தின் உச்சிப்பக்கம் மண்டியிட்டிருந்தான்.

"வசே, இங்க வா. சத்தம் போடாம வா."

முப்பது மீட்டர் உயரத்தில் இருந்த கிளை இப்போது அவள் நெஞ்சுக்கு நேரே கிடந்தது. பானைச் செடி ஒன்று சிதையாமல் இருந்தது. அதன் பழத்திலிருந்து ஓர் எறும்பு தன் உடம்பளவு விதையை இழுத்து வந்தது. ஒரு வெடிப்பருகே நின்று உணர்கொம்பால் துழாவியது; பிடிக்கவில்லைபோல, நகர்ந்தது. நான்காவது வெடிப்பில் விதையை இறக்கித் தலையால் முட்டி முட்டி உள்ளே தள்ளியது. இன்னொன்று வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

செமேசாவின் வீட்டுக் கூரை புயலில் பறந்திருந்தது. தோட்டம் முழுக்கச் சேறு. "மூணு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள நட ஆரம்பிச்சிடுச்சே," என்றான், தேவாலயத்தில் பேசுகிற குரலில். பிறகு பட்டையைத் தடவினான். "இந்தப் பக்கம் பாசி பாரு. போன வாரம்வரைக்கும் நிழல். மரம் சாஞ்சப்புறம்தான் வெயில் விழுது. இங்கதான் நடணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

வசேமதா குறிப்பேட்டை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டாள்.

போன் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததும் தன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை ரோஷ்னியை அழைத்தாள். "விழுந்த மரங்களையே ஆராயட்டுமா மேடம்?"

"நிக்கிற ரெண்டையும் விட்டுடாதீங்க. ஒப்பிட வேணும்."

பதினோரு வாரம் மலையிலேயே கிடந்தாள். புதிதாக வந்த முளைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் முக்கால்வாசிக்குமேல் புது வெயில் பட்ட பக்கத்தில். நகக்கண் அளவு முளைக்குள்ளும் எறும்புகள் நுழைந்து தங்கள் கழிவை எருவாக விட்டு வந்தன. பார்த்துக்கொண்டே குறிப்பு எழுத மறந்துபோவாள். தன் தோட்டத்தில் மறுநடவு முடித்து, கையில் சேறு காயாமல் செமேசாவும் வந்து பார்ப்பான். விழுந்த மரங்களில் இரண்டில் எறும்புகள் மெல்ல அழிந்துபோயின. அதையும் எழுதினாள்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வுக்குச் செமேசாவும் கப்பலேறி சுவா வந்தான்.

"வெயில் விழற பக்கமாப் பார்த்து எறும்பு நடுதாங்கிற கேள்வி உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று தேர்வாளர் கேட்டார்.

"எனக்குத் தோணல சார். கடைசி வரிசையில இருக்காரே, என் அத்தை மகன், அவர் கேட்டது."

எல்லோரும் திரும்பினார்கள். செமேசா தலையைக் குனிந்துகொண்டான்.

தேறிவிட்டாள் என்று சொன்னபிறகு, ரோஷ்னி அவனை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் நுண்ணோக்கியின் கீழ் ஓர் எறும்பை வைத்துக் காட்டினார். ஒரு கண்ணை மூடிக் குனிந்தவன் நிமிரவேயில்லை.

"போதும்டா, கப்பலுக்கு நேரமாச்சு," என்றாள் வசேமதா.

"கப்பல் போகட்டும். சும்மா இரு."