சுவரில் இல்லாத நரகம்

எங்கள் மதிலுக்கு அப்பால் குடியிருக்கும் குட்டன் பிள்ளை சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் சாலைக் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும். ஏத்தங்காய் வறுவலோ அல்வாவோ, ஏதோ ஒன்று. வாசலில் காத்திருக்கும் குழந்தைகள் அவரை மொய்த்துக்கொள்ளும். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் அவை அவருடைய பிள்ளைகள் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் தங்கை பெற்றவை. அவர் பெற்ற பிள்ளைகள் வஞ்சியூரில் தங்கள் தாய் வீட்டில் வளர்கிறார்கள். ஓணத்துக்குப் புது முண்டு உடுத்துக்கொண்டு வந்து, விருந்தாளிகளைப் போல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இங்கத்து வழக்கப்படி ஒருவருடைய சொத்து அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான். இப்போது சட்டம் மாறிவிட்டது, இனி தகப்பன் சொத்து பிள்ளைகளுக்கும் உண்டு என்று சொல்கிறார்கள். சட்டம் மாறியிருக்கலாம், குட்டன் பிள்ளையின் பொட்டலம் போகிற இடம் இன்னும் மாறவில்லை.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கென்று ஒரு குழந்தை இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணமான கையோடு மலையைத் தாண்டி இங்கே வந்தேன். என் கணவர் அந்தச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்குப் பிள்ளை. வருஷங்கள் போயின, மடி நிறையவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு நான் உடைத்த தேங்காயை எல்லாம் சேர்த்திருந்தால் தனியாக ஒரு மண்டி வைத்திருக்கலாம். குட்டன் பிள்ளையின் தங்கை கார்த்தியாயினி அம்மாவிடம் ஒருநாள் மதிலோரம் நின்று என் குறையைச் சொல்லி அழுதேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“பிள்ளைக்கு பெங்ஙள் உண்டல்லோ? பெங்ஙள்க்கு மக்களும் உண்டல்லோ? பின்னே எந்தினா கரையுந்நது?”

உன் புருஷனுக்குத்தான் அக்காள் இருக்கிறாளே, அவளுக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்களே, பிறகு எதற்கு அழுகிறாய் என்று கேட்கிறாள். அவள் கேலி செய்யவில்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. அவர்கள் வழக்கத்தில் கொள்ளி வைப்பதும் சகோதரி பெற்ற மருமகன், பலி போடுவதும் மருமகன். ஒரு மதில்தான் நடுவே. அந்தப் பக்கம் அழுகைக்கே இடமில்லாத ஒரு விஷயத்துக்காக நான் இந்தப் பக்கம் தலையணையை நனைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். முறுக்குச் சம்படத்தோடு கூடவே ஒரு ஜாதகமும் வந்தது. அவள் அண்ணன் வழியில் ஒரு பெண், என் கணவருக்கு இரண்டாம் தாரமாக. மாமியாரை நான் கொடுமைக்காரி என்று சொல்லமாட்டேன். என்னை ஒரு நாளும் வைததில்லை. இங்கே கோட்டைக்குள் புராணம் கேட்கப் போன இடத்தில், பிள்ளையில்லாதவர்களுக்கென்றே ‘புத்’ என்று ஒரு நரகம் இருப்பதாகச் சொன்னார்களாம். அன்று திரும்பி வந்தவள் சோற்றைத் தொடவில்லை.

“ஏட்டி, ஒன் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. எம்புள்ள அந்தக் குழியில கெடந்து தவிக்கத நெனைச்சா எனக்கு நெஞ்சே அடைக்கு. நீயும் இரி, அவளும் இருக்கட்டும்” என்றாள்.

என் கணவர் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாத மனிதர்தான், ஆனால் அந்த மௌனம் என்னைக் கொன்றது. சரி என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா? கேட்க எனக்குத் துணிவில்லை. அந்தச் சமயம் பார்த்து இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது. மாத்தளையில் கடை வைத்திருக்கும் மதினி, அதாவது அவருடைய அக்காள், மகளுக்குச் சடங்கு வைத்திருந்தாள். தாய்மாமன் போகாமல் முடியுமா? “போயிட்டு வா. வந்து ஒரு பதில் சொல்லு” என்று மாமியார் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ரயிலிலும், பிறகு தூத்துக்குடியில் ஏறிய கப்பலிலும் அந்த ஜாதகத்தையே நினைத்துக்கொண்டு போனேன்.

சடங்கு முடிந்த மறுநாள் மதினியின் வீட்டுக்காரர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், எங்களை ஊருக்கு வெளியே ஒரு புத்த கோயிலுக்குக் கூட்டிப்போனார். கோயில் என்றால் கோபுரம் எதுவும் இல்லை. பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன, அவற்றின் அடியில் குகைகள். வாசலைக் கண்டதும் என் கணவரின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. திருவனந்தபுரத்தில் ஆண்களைச் சட்டையோடு கோயிலுக்குள் விடமாட்டார்கள், அந்தப் பழக்கம். “மாப்பிள்ளை, இங்க சட்டையக் கழத்தினா மரியாதக் குறைச்சல்” என்று அண்ணாச்சி அவசரமாகத் தடுத்தார். என் கணவர் கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டு, சாமிக்கு முன்னால் சட்டையோடு நிற்கக் கூச்சப்பட்டபடியே உள்ளே குனிந்தார்.

ஒரு பக்கச் சுவர் முழுக்க நரகம், எதிர்ச் சுவர் முழுக்க சொர்க்கம். நடுவில் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் இடம். நரகத்தை எழுதிய சித்திரக்காரன் மஞ்சளையும் சிவப்பையும் அள்ளிப் பூசியிருந்தான். கொதிக்கிற கொப்பரை, முள் மரம், நாக்கை இழுத்துப் பிடிக்கும் குறடு, ஆளைக் கடித்து இழுக்கும் நாய்கள். ஒவ்வொரு குழிக்கும் இன்ன பாவம் என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே வந்தார். படியைக் குறைத்து அளந்தவனுக்கு உண்டான குழி வந்தபோது, “இது நம்ம சாலைக்காரங்களுக்கு” என்று கணவரின் தோளைத் தட்டினார். அவர் சிரிக்கவில்லை.

நானும் சிரிக்கவில்லை. என் கண் மாமியார் சொன்ன அந்த ஒரு குழியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கெடுத்தவன் இருந்தான், கள் குடித்தவன் இருந்தான், தாயை அடித்தவன் இருந்தான். சுவரின் கடைசிவரை போய்விட்டு, தவறவிட்டிருப்பேனோ என்று திரும்ப வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அண்ணாச்சியிடமிருந்து விளக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, என் கணவரும் ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. இத்தனை நாள் அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. என்னைத் தள்ளிவைக்கிற யோசனை எதுவும் இல்லை அதில். அவரும் பயந்துபோய் இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் வடிந்து, பாவமாக இருந்தது.

வாசலோரம் மஞ்சள் துணி போர்த்திய ஒரு பிக்கு உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவரிடம் போய், அண்ணாச்சியைப் பார்த்து, “பிள்ளை இல்லாதவங்க எந்தக் குழியில இருக்காங்கன்னு கேளுங்க” என்றார். அண்ணாச்சி சிங்களத்தில் கேட்டார். பிக்கு எழுந்து வந்து ஒரு குழியைக் காட்டினார். அதில் ஓர் ஆளை இரும்பு உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் விளக்கை அந்தக் குழிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். அண்ணாச்சிக்கே சந்தேகம் வந்து மறுபடியும் ஏதோ கேட்டார். பிக்கு தலையில் கையை வைத்துக்கொண்டார். பிள்ளையைக் கொன்றவர்களைப் பற்றிக் கேட்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டாராம்.

கொன்றதில்லை, பெறவே இல்லை என்று அண்ணாச்சி விளக்கிச் சொன்னதும் அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. செய்த காரியத்துக்குத்தானே தண்டனை, நடக்காத காரியத்துக்கு யார் தண்டிப்பார்கள் என்றார். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம் மார்பில் கையை வைத்து என்னவோ சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார்.

“என்ன சொல்லுதாக?” என்று கேட்டேன்.

“எனக்குந்தான் பிள்ளை கெடையாது, அப்போ என்னை எந்தக் குழியில போடப்போறாங்கன்னு கேக்காரு.”

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமான நாள் முதல் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய, நரகத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். எதிர்ச் சுவரைப் பிறகுதான் ஆற அமரப் பார்த்தோம். தேவர்கள் மாளிகை மாளிகையாக உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் யார் மடியிலும் குழந்தையைக் காணோம்.

திருவனந்தபுரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மாமியார் வாசலிலேயே நின்று கேட்டாள். “ஏல, என்ன முடிவு பண்ணியிருக்கே?”

“எம்மா, நான் நரகத்தப் பாத்துட்டு வந்துட்டேன். சுவர் பூரா தேடியாச்சு. நீ சொல்லுத குழி அங்க இல்ல.”

அவள் விஷயம் முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். “அது அவுக நரகம்லே. நம்ம நரகம் வேற.”

“அப்போ நான் அவுக நரகத்துக்கே போய்க்கிடுதேன். ஜாதகத்தத் திருப்பிக் கொடுத்துரு” என்றார் அந்தப் பேசாத மனிதர்.

நான் அடுக்களைக்குள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். மதிலோரத்தில் அழுத அழுகை இல்லை அது. நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஊருக்குப் புறப்பட்டாள். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் நகரப் போகிற சமயத்தில், ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, அந்தச் சாமியாரு தனக்கும் பிள்ளை இல்லன்னு நெசமாவே சொன்னாரா?”

“நெசந்தான் அத்தை.”

“சொல்லும்போது அவரு மொகம் எப்படி இருந்துது?”

நான் யோசித்துப் பார்த்தேன். “வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவுக மொகம் மாதிரி இருந்துது.”

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். என் கையை விடாமலே, முறுக்குச் சம்படத்தைக் கழுவி வெயிலில் காயவைக்கச் சொன்னாள். அடுத்த தடவை வரும்போது நிறைத்துக்கொண்டு வருவாளாம்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, அந்த ரயில் கிளம்புவதைப் பார்க்கும்போதெல்லாம் அதில் ஏறிவிடத் துடித்தவள் நான். அன்று வண்டி கூவியது. என் கணவர், “வா, போற வழியில அக்கா பிள்ளைகளுக்கு அல்வா வாங்கிப் பார்சல் கட்டி அனுப்புவோம்” என்றார். ரயில் என் ஊருக்குப் போயிற்று. நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.