சுதந்திரத்தின் பேரால் பூட்டிய நீதிமன்றம்

ஏனோக்கு தாக்ஸ்டரின் நாக்கில் சுதந்திரம் குடியிருந்தது. ஏர் பிடித்த குடும்பத்தில் பிறந்து, ஒரு கிழட்டு வக்கீலுக்கு மூன்று வருடம் பத்திரம் நகலெடுத்தே சட்டம் கற்றவர். மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு ஹார்ட்வெல் ஊரின் பிரதிநிதி. இங்கிலாந்து அரசர் தேயிலைக்கு வரி போட்டபோது, "அடிமைகளாக வாழ மாட்டோம்" என்று ஊர்த் தீர்மானம் எழுதியவர் அவரே. கைதட்டல் அடங்கக் கால்மணி ஆனதாம். அதையும் அவரேதான் சொன்னார்.

தீர்மானத்தை கேப்டன் ஸ்டோடார்ட் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசித்தார். சோளக் கஞ்சி பரிமாறிக்கொண்டிருந்த கறுப்பின அடிமைப் பெண் சில்பாளும் கேட்டுவிட்டாள். கேப்டன் அவளை விலைக்கு வாங்கி இருபது வருடம். மறுவாரமே வக்கீல் தாக்ஸ்டரின் வாசலில் நின்றாள்.

"அடிமையா இருக்க முடியாதுன்னு எழுதினீங்களாமே, வக்கீலய்யா. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

எந்த வாயால் மறுப்பது? அவளுக்கு விடுதலை கேட்டு நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். எதிராளியின் பெயருக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் 'விவசாயி' என்று போட்டார். ஊர்ப்படைக்குக் கேப்டனானதுமே ஸ்டோடார்ட் 'கனவான்' ஆகிவிட்டது நினைவில்லை. எதிராளியின் அந்தஸ்தைத் தவறாகக் குறித்த மனு செல்லாது என்று நீதிபதி தள்ளிவிட்டார். அவள் மனுஷியா, உடைமையா என்பது பிறகு. உடைமைக்காரர் கனவானா என்பதல்லவா முதல் கேள்வி! தூ.

புது மனு நீதிமன்றத்தின் செப்டம்பர் அமர்வில் ஆறாம் எண் வழக்காக நின்றது.

அதற்குள், நீதிபதிகளை இனி அரசரின் ஆளுநரே நியமிப்பார் என்று லண்டனிலிருந்து சட்டம் வந்தது. ஊர் கொதித்தது. அமர்வு நாளன்று ஆயிரம் பேர் 'அடிமைத்தனம் ஆகாது' என்று கத்தியபடி நீதிமன்றத்தை மறித்துக் கதவைப் பூட்டினார்கள். படியில் முதல் ஆளாக தாக்ஸ்டர். அவரோடு தோள் உரசிக்கொண்டு கேப்டன். நீதிபதிகள் தொப்பியைக் கையில் பிடித்தபடி, அரசரின் புதுச் சட்டப்படி நீதிமன்றம் நடத்த மாட்டோம் என்று மன்னிப்பு வாசித்துக்கொண்டே கூட்டத்தின் நடுவே போனார்கள்.

சில்பாள் முண்டியடித்து முன்னே வந்தாள்.

"வக்கீலய்யா, இன்னிக்கு நம்ம கேசு."

"இன்னிக்குக் கோர்ட்டே கிடையாது, சில்பா. எல்லாம் சுதந்திரத்துக்காகத்தான்."

"யாரோட சுதந்திரம்?"

செருப்புத் தைக்கும் ஜாபெஸ் சிரித்துவிட்டார். "கேளும்மா, நல்லா கேளு! சட்டசபையில இவரை இப்படிக் கேக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல."

"ஒரு மணி நேரம் திறங்கய்யா. ஆறாம் நம்பர் முடிஞ்சதும் மறுபடி பூட்டிக்கோங்க."

தாக்ஸ்டர் தன் காலணியைப் பார்த்தார். அது பளபளப்பாகத்தான் இருந்தது.

கேப்டன் உறுமினார். "வீட்டுக்குப் போடி. பசு கறக்காம கத்துது."

"எந்தச் சட்டப்படி போகணும்? நான் வரலேன்னா, பிடிச்சுட்டு வரச்சொல்லி ஷெரீஃபுக்கு யாரு உத்தரவு போடுவாங்க?"

"தாக்ஸ்டர்! சொல்லுய்யா, நீ வக்கீல்தானே!"

தாக்ஸ்டர் மனதுக்குள் படித்த சட்டத்தையெல்லாம் புரட்டினார். உத்தரவுக்கு நீதிபதி வேண்டும். நீதிபதிகளோ ஊர்க்கோடி மேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"இப்போதைக்கு… யாரும் இல்லே, கேப்டன்."

கேப்டன் அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தார். ஜாபெஸ் குறுக்கே வந்தார். "கையை எடுங்க. இப்பத்தானே ஆயிரம் பேரும் அடிமைத்தனம் ஆகாதுன்னு கத்தினோம்? தொண்டை இன்னும் காயலே."

கேப்டனுக்குத் துணையாக யாரும் நகரவில்லை. சில்பாள் ஊரைவிட்டு வெளியேறும் தெற்குச் சாலையில் நடந்தாள், திரும்பிப் பார்க்கவேயில்லை.

மாலையில் தாக்ஸ்டர் ஊர்க் குறிப்பேட்டில் எழுதினார்: 'நீதிபதிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். சுதந்திரம் காக்கப்பட்டது.' சில்பாளைப் பற்றி ஒரு வரி இல்லை.