இந்தா சாமி

புதுச்சத்திரம் மெயின் ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கும் சென்னியம்மாளுக்கு நாய் என்றாலே ஈரக்குலை நடுங்கும். இதைச் சொன்னால் அங்கே வண்டி நிறுத்தும் லாரி டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் கடைக்குள், கல்லாப் பெட்டிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில், நாலு வருடமாக ஒரு செவலை நாய் காலை நீட்டிப் படுத்திருந்ததை அவர்கள் தினமும் பார்த்தவர்கள். கல்லில் எடுக்கும் முதல் தோசையும் அதற்குத்தான். பயப்படுகிறவள் நாய் வளர்ப்பாளா என்பார்கள். பயந்துதான் வளர்த்தாள் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

அவள் பிறந்தது எருமப்பட்டிப் பக்கம். அவளுக்கு எட்டு வயதாகும்போது சித்தப்பாவை நாய் கடித்தது. வேர் கட்டினார்கள், மந்திரித்தார்கள், உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னார்கள். காயம் ஆறியதும் எல்லாரும் அதை மறந்தும் போனார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் சித்தப்பா படுத்தபடியே, “தண்ணி கொண்டா சாமி” என்றார். சொம்பைத் தூக்கிக்கொண்டு போனது சென்னியம்மாள்தான். தண்ணீரைக் கண்டதும் அவருக்குத் தொண்டை வெட்டி வெட்டி இழுத்தது. வீலென்று கத்தி சொம்பைத் தட்டிவிட்டார். மறுநாள் அவர் இல்லை. நனைந்த பாவாடையோடு மூலையில் நின்ற அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பத்து நாலு வயது. நாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொம்பு உருளும் சத்தம் இன்னமும் காதில் கேட்கும்.

கல்யாணமாகி வந்த இடத்தில் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் வெளியூர்களுக்குப் போர்வெல் போடப் போகிறவர். வருடத்தில் இரண்டு தடவை ஊருக்கு வந்தால் அதிகம். சும்மா இருந்து என்ன செய்வது என்று அவள் இந்தக் கடையைப் போட்டாள். போட்ட ஆறாவது மாதத்தில் அந்த நாய் வந்து வாசலில் நின்றது. விரட்டக் கை எழவில்லை. கல்லிலிருந்த தோசையை எடுத்துத் தூர வீசி, “இந்தா சாமி, தின்னுபோட்டுப் போயிரு சாமி” என்று கும்பிடாத குறையாகச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் தாத்தாவும் சாமி, தொட்டில் பிள்ளையும் சாமி. பயத்தில் நாயும் சாமி ஆகிவிட்டது. தின்ற நாய் போகவில்லை. மறுநாளும் வந்தது, மறுநாளும் லஞ்சம் கொடுத்தாள். நாள்பட நாள்பட அது வாசலிலிருந்து உள்ளே வந்தது. அவள் கொடுத்தது பயத்தில். அது வாங்கிக்கொண்டது பாசமென்று.

நாயிடம் ஒரு ஒழுக்கம் இருந்தது. இலையிலிருந்து வடை தவறிக் காலடியில் விழுந்தாலும் தொடாது. தண்ணீர் வைத்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். “இந்தா சாமி” என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அப்புறம்தான் வாய் வைக்கும். முட்டை லாரி ஓட்டும் மாரியப்பனுக்கு இது ஒரு வித்தை காட்டுகிற மாதிரி. புது ஆள் யாராவது வந்தால், நாயின் மூக்குக்கு முன்னால் பரோட்டாவை வைத்துவிட்டு, “பாருங்க, பாருங்க, அசையாது பாருங்க” என்பான்.

இந்த வித்தை ஹெலனுக்குப் பிடிக்காது. பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் ஹெலன், ஒண்ணாவது படிக்கும் மகள் ஜெர்லினோடு தினமும் காலையில் அங்கே டிபன் முடித்துவிட்டு, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுப் போவாள்.

“ஏனுங்க்கா, சோறு திங்கற எடத்துல நாயி எதுக்குங்க? முடி கொட்டுது. பிள்ளைக வந்து போற எடம் வேற” என்று ஒரு நாள் கேட்டாள்.

“அது வைரவர் வாகனமுங்க. அதை முடுக்கி வெரட்டுனா யாவாரமே படுத்துக்கும்” என்று குறுக்கே விழுந்தான் மாரியப்பன்.

ஹெலன் சொன்னதுதான் சரி என்று சென்னியம்மாளின் மனசுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாயை விரட்டவும் பயம், டிரைவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்களோ என்றும் பயம். “பாக்கலாம் கண்ணு” என்று சொல்லிவிட்டுத் தோசை திருப்பப் போய்விட்டாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஒரு வருடம் ஓடியது.

அந்தத் திங்கட்கிழமை கேஸ் தீர்ந்து, புது சிலிண்டர் மாட்டிக் கல் காய்வதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அவசரத்தில் நாய்க்குரிய முதல் தோசை மறந்தே போனது. ஜெர்லின் பசிக்கிறது என்று சிணுங்கினாள். பிள்ளைக்கென்று உள்ளங்கை அகலத்தில் ஒரு தோசை வார்த்து, ஆற ஊதிக்கொண்டே வந்து குனிந்து நீட்டினாள் சென்னியம்மாள்.

“இந்தா சாமி.”

பிள்ளை கையை நீட்டியது. மேசைக்கு அடியிலிருந்து நாயும் பாய்ந்தது. தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று வந்த நாய் அது. தோசையைக் கவ்விய வாயில் பிள்ளையின் கட்டைவிரலும் சேர்ந்து மாட்டியது. ஒரே ஒரு நொடிதான். ஜெர்லின் அலறினாள், இலையில் ரத்தம் சொட்டியது. நாய் ஓரமாகப் போய்த் தோசையைத் தின்று முடித்துவிட்டு, சென்னியம்மாளைப் பார்த்து வாலை ஆட்டியது.

யாரோ சுண்ணாம்பு வை என்றார்கள், யாரோ மிளகாய்ப் பொடி என்றார்கள். “ஒண்ணும் வெக்கக் கூடாது!” என்று ஹெலன் போட்ட சத்தத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப் போய்க் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சென்னியம்மாளும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். காயத்தைச் சுற்றி ஊசி, இரண்டு கையிலும் ஊசி. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: “சொன்ன தேதியில தவறாம வந்து ஊசி போட்டுட்டாப் பிள்ளைக்குப் பயமில்ல. நாயைக் கொன்னுறாதீங்க. பத்து நாள் கட்டிவெச்சுப் பாருங்க. தீனி எடுக்காம, தண்ணி குடிக்காம இருந்தா உடனே எனக்குத் தெரியணும்.”

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் சென்னியம்மாளுக்குச் சொம்பு உருளும் சத்தம்தான் கேட்டது. பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை.

கடைக்குத் திரும்பினால் மாரியப்பன் லாரியிலிருந்து இரும்பு ராடை எடுத்து நிற்கிறான். நேற்று வரைக்கும் வைரவர் வாகனம், இன்றைக்கு வெறிநாய். பயந்து பயந்தே வாழ்ந்தவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, நாய்க்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அடிச்சுப்போட்டீன்னா பத்து நாளைக்கு நான் யாரைப் பாக்கறது? ராடைக் கீழ போடு!”

மாரியப்பன் கடைசியில் தார்ப்பாய் கட்டும் கயிற்றால் நாயைக் கடைக்குப் பின்னாலிருந்த புங்க மரத்தில் கட்டினான். லாரி எஃப்.சி. தகுதிச் சோதனை வேலைக்காகப் பக்கத்துப் பட்டறையில் நின்றதால் முதல் நாலு நாளும் தீனி வைக்கும் வேலையையும் அவனே பார்த்தான். சென்னியம்மாள் பின்பக்கக் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பாள். நாய் நாக்கை நீட்டித் தண்ணீர் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். சாயந்தரம் ஹெலன் போன் செய்வாள். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

“தண்ணி குடிச்சுதுங்களாக்கா?”

“குடிச்சுது கண்ணு.”

அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் மட்டும் அறவே நின்றுபோயிருந்தது. ரத்தம் சொட்டிய இலையை எடுக்கும்போதே, இனி யாரையும் சாமி என்று கூப்பிடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துவிட்டாள். சாப்பிட வருகிறவர்களுக்கு, “உக்காருங்க”, “என்ன வேணுமுங்க” என்று மொட்டையாகக் கேட்டாள். “என்னக்கா, எங்க மேல கோவமா?” என்றுகூட ஒருவர் கேட்டார்.

ஐந்தாம் நாள் மாரியப்பன் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். இனிமேல் நாய்க்குத் தீனி வைப்பது அவள் பாடு. பெயின்ட் டப்பாவைப் பாதியாக வெட்டித் தண்ணீர் ஊற்றி, தட்டில் சோறு போட்டு, ஒட்டடைக் குச்சியால் மெல்லத் தள்ளிவிட்டு நாலெட்டுப் பின்னால் வந்து நின்றாள். வாயைத் திறக்கவில்லை. நாய் எழுந்து உட்கார்ந்தது. தண்ணீரைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. குடிக்கவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தாள். சோற்றில் ஈ மொய்த்தது, தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. மூன்று மணிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தாள். நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது.

சென்னியம்மாளுக்குச் சித்தப்பாவின் தொண்டை இழுத்தது கண் முன்னால் வந்தது. இந்த முறை அது சித்தப்பாவின் தொண்டையாக இல்லை. ஆறு வயசுப் பிள்ளையின் மெல்லிய தொண்டையாக இருந்தது. கடை நடுவில் நின்றபடி அழுதாள். நாலு வருடம் ஒரு தோசையை வீசி விலைக்கு வாங்கிய நிம்மதிக்கு அடுத்தவள் பெற்ற பிள்ளையின் கை விலையாகிப் போனதே என்று அழுதாள்.

சாயந்தரம் போன் அடித்தது.

“தண்ணி குடிச்சுதுங்களாக்கா?”

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பயம்தான் பேசியது. “குடிச்சுது கண்ணு.”

“மாதாவே” என்று அந்தப் பக்கம் ஹெலன் பெருமூச்சு விட்டது கேட்டது. அந்தப் பெருமூச்சு சென்னியம்மாளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது. நாயின் மூக்கு காய்ந்து, கண் இடுங்கிப் போயிருந்தது. டாக்டரம்மாவிடம் ஓட வேண்டும், ஹெலனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் கால் நகரவில்லை. அப்படியே மண்ணில் மண்டி போட்டாள். நாலெட்டு தூரமெல்லாம் மறந்துபோனது. டப்பாவைக் கையாலேயே நகர்த்தி, அழுகையும் கெஞ்சலுமாக, சத்தியம் செய்ததையும் மறந்து சொன்னாள்:

“ஒரு வாய் குடிச்சுரு சாமி. உன்னைக் கும்பிட்டுக்கறேன். இந்தா சாமி... இந்தா...”

நாயின் காது விடைத்தது. துள்ளி எழுந்து டப்பாவுக்குள் முகத்தை விட்டது. சளக் சளக்கென்று குடித்தது, மூச்சு வாங்கியது, மறுபடியும் குடித்தது. டப்பா காலியான பிறகு சோற்றுத் தட்டைப் பார்த்தது, அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தது. உத்தரவுக்குக் காத்திருந்தது.

சென்னியம்மாளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மாரியப்பன் ராடைத் தூக்கியவன்தான், ஆனாலும் தீனி வைக்கும்போது பழக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறான். அவள் சொல்லவில்லை. அதனால் நாய் ஒரு பகல் ஒரு ராத்திரி நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தது. “இந்தா சாமி” என்று மறுபடியும் சொன்னாள். தட்டு காலியானது. மரத்தடியிலேயே உட்கார்ந்து ஹெலனுக்குப் போன் போட்டு, நேற்று சொன்ன பொய்யையும் இன்றைக்கு நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஹெலன், “இனிமேல் பொய் மட்டும் சொல்லீராதீங்கக்கா” என்று வைத்துவிட்டாள்.

பத்து நாளும் கழிந்தது. நாய்க்கு ஒன்றுமில்லை. சென்னியம்மாள் கடை வாசலுக்கு இடுப்பளவு உயரத்தில் கம்பிக் கதவு போட்டாள். நாயின் இடம் பின்னால் புங்க மரத்தடிதான். ஊர் திரும்பிய மாரியப்பன், “வாயில்லா ஜீவனை இப்படி வெளிய தள்ளிப்போட்டீங்களேக்கா” என்று முனகினான். “உள்ள இருக்கோணும்னு உனக்கு ஆசையிருந்தா உன்ற ஊட்டுச் சமையல்கட்டுல கொண்டுபோய் வெச்சுக்க” என்றாள். 

அதற்கடுத்த வாரம் ஹெலன் பிள்ளையோடு வந்தாள். கம்பிக் கதவைச் சாத்தினோமா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஜெர்லினின் கட்டைவிரலில் காயம் ஆறிப் புதுத்தோல் வந்திருந்தது. சென்னியம்மாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தோசை வார்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்து மாரியப்பன் வாசலில் நின்று பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தான்.

“ஒரு டீ போடு சாமி!”

பின்பக்கம் கயிறு இழுபடும் சத்தம் கேட்டது. நாய் எழுந்து நின்றிருக்கிறது. மேசை மேலிருந்த ஜெர்லினின் கை சட்டென்று மடிக்குள் போய் ஒளிந்தது. பிள்ளை அழவில்லை. மேசைக்கு அடியில் மட்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னியம்மாளுக்கு அந்தப் பார்வையைத் தெரியும். நனைந்த பாவாடையோடு மூலையில் நின்ற பிள்ளை பார்த்த பார்வை அது. தன்னிடம் நாற்பத்தாறு வருடமாக இருந்ததை இந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். தோசையை நீட்டாமல், இலையின் நடுவில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ஜெர்லின்” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “கை எப்ப வெளிய வருதோ, அப்பச் சாப்பிடலாம். பெரியம்மா இங்கயேதான் இருக்கறேன்.”

தோசை ஆறிப்போனது. வேறொன்று வார்க்க அவள் எழுந்திருக்கவில்லை.