காலில் ஏறிய குண்டூசியும் கை விடாத லட்டும்

ஆரணியில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன். கல்யாணக் கூட்டத்துக்கு முகூர்த்தப் புடவை எடுத்துக் காட்டுவது என் வேலை. தரை முழுக்க மெத்தை போட்டு, மேலே வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். வருகிறவர்கள் ஒரு ஓரமாக உட்காருவார்கள். நாங்கள் வெறுங்காலோடு விரிப்பின் மேல் நடந்து, அலமாரியிலிருந்து புடவைகளைக் கொண்டுவந்து பிரித்துப் போடுவோம்.

போன ஆவணி மாதம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பதினைந்து பேர். பெண்ணுக்கு அரக்கும் பிடிக்கவில்லை, மாம்பழ மஞ்சளும் பிடிக்கவில்லை. காலை பத்தரையிலிருந்து மத்தியானம் வரை நடையாக நடந்துகொண்டிருந்தேன். மறுபடியும் அலமாரிப் பக்கம் திரும்பியபோது அந்தக் கல்யாணப் பெண் சொன்னாள்.

"அண்ணா, விரிப்புல ரத்தம்."

முதலில் புடவைகளைத்தான் வாரி எடுத்தேன். கறை பட்டால் போச்சு. அதற்குப் பிறகுதான் தரையைப் பார்த்தேன். அலமாரியிலிருந்து மெத்தை வரை, மெத்தையிலிருந்து அலமாரி வரை, சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள். யாருக்கோ அடிபட்டிருக்கிறது, குழந்தைகளைப் பாருங்கள் என்று நானே சத்தம் போட்டேன். ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிடித்து ஒவ்வொரு பாதமாகப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவரையும் விடவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை.

பிரித்த புடவைகளை மடித்து வைக்கிற அக்கா ஒருவர் எங்கள் கடையில் இருக்கிறார். எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறவர். அவர்தான் மடிப்பை நிறுத்திவிட்டு, "தம்பி, உன் கால காட்டு" என்றார்.

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே வலது காலைத் தூக்கினேன். பாதத்தின் நடுவில் ஒரு குண்டூசியின் தலை மட்டும் பளபளவென்று தெரிந்தது. விலைச் சீட்டு குத்துகிற ஊசி. மிச்சம் முழுக்க உள்ளே போயிருந்தது. அக்கா அதை நகத்தால் பிடித்து இழுத்தபோது, ஏதோ இழுக்கிறார்கள் என்று தெரிந்ததே தவிர வலிக்கவில்லை. குத்திய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்போதும் இல்லை. கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தனை பேரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது வேறு யாருடைய காலோ போல இருந்தது.

முதலாளி என்னை வண்டியில் உட்கார வைத்து ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். விரலில் குத்திப் பார்த்ததும் சர்க்கரை முன்னூற்று எண்பத்தாறு என்று காட்டியது. டாக்டரம்மா முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் காலைத் தொடப்போவதாகவும், தொட்டதும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பட்டு நூலை விரலில் உருட்டினாலே அது எத்தனை இழை என்று சொல்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் ஆனது.

"எப்ப ஆரம்பிக்கப் போறீங்க, மேடம்?"

"முடிச்சிட்டேங்க" என்றார்.

கண்ணைத் திறந்து காலைப் பார்த்தேன். சர்க்கரை நோய் வந்து பல வருஷம் ஆகியிருக்கும், தெரியாமலே நரம்பைக் கெடுத்திருக்கிறது என்று விளக்கினார். இனிப்பு நிறையச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். தொடுவதே இல்லை என்றேன். அது பொய் இல்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தீபாவளி தவிர வீட்டில் ஸ்வீட் வாங்குகிற வழக்கமே கிடையாது.

மறுநாள் காலில் கட்டோடு கடைக்குப் போய் இதைச் சொன்னபோது, அக்கா தலை நிமிராமலே மடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். கடை திறந்ததும் டீ, அதோடு ரெண்டு க்ரீம் பிஸ்கெட். முதல் கூட்டம் புடவை எடுத்து முடித்ததும் அவர்கள் நீட்டுகிற லட்டு. அடுத்த கூட்டம் ஆற்காட்டுப் பக்கமாக இருந்தால் அந்த ஊர் மக்கன் பேடா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடலை மிட்டாய். நாலு மணி டீக்குத் தேங்காய் பன்.

"நீ பேசிகினே இருப்ப. கை அது பாட்டுக்கு எடுத்து வாயில போட்டுகினே இருக்கும்" என்றார்.

நான் சிரித்தேன். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் உறுத்தியது. மறுநாள் ஒரு காலி அட்டைப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். யார் எதைக் கொடுத்தாலும் தின்னாமல் அதில் போடுவது என்று முடிவு. ஆறு மணிக்கு மூடியைத் திறந்தால் நாலு லட்டு, ரெண்டு பாதுஷா, ஒரு மைசூர்பாகு, பேடா ரெண்டு, ஆறு பிஸ்கெட், பாதி பன். நெய் அட்டையில் ஊறிப்போயிருந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்குத் தீபாவளிக்கு வாங்குவதே அவ்வளவு இருக்காது. இது ஒரு நாள். முகூர்த்த மாதங்களில் தினமும் இப்படித்தான். பதினெட்டு வருஷம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"உங்க சட்ட பாக்கெட்ல நெய்க் கற இல்லாம நான் தொவச்சதே இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிதான் சாப்டறீங்கன்னு நெனச்சேன்."

என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊசியைக் காட்டிலும் அதுதான் ஆழமாக இறங்கியது.

மாத்திரையோடு இனிப்பையும் நிறுத்தினேன். முதல் வாரம் தலைவலி. மூன்றாம் நாள், பார்டர் அகலமாக வேண்டும் என்று கேட்ட ஒரு அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். முதலாளி தனியாகக் கூப்பிட்டு, வேண்டுமானால் நாலு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். லீவு வேண்டாம், டீயில் மட்டும் சர்க்கரை போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வேர்க்கடலையும் கொய்யாப்பழமும் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். மற்ற நேரத்தில் ஒன்றும் தெரியாது. நாலு மணி ஆனால் மட்டும் வயிற்றுக்குள்ளிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

மூன்றாவது வாரம், கடை விடுமுறை நாளில், மனைவியும் மகளும் கண்ணமங்கலத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் தூங்கி எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். சட்டென்று சுரணை வந்தபோது அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். இடது கையில் சர்க்கரை டப்பா, வலது கையில் ஸ்பூன், வாய் நிறைய வெறும் சர்க்கரை. அது மூன்றாவது ஸ்பூனா, நாலாவதா, தெரியவில்லை. டப்பாவை எடுத்ததே ஞாபகம் இல்லை. நாற்பத்தாறு வயது ஆள், பூனை மாதிரி நின்றுகொண்டு. அன்றைக்குப் பயந்த அளவுக்கு டாக்டரம்மா முன்னால்கூட நான் பயப்படவில்லை.

போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினாள். டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் சர்க்கரை இல்லாத டீ. மகள் ஒரு வாரம் முகம் சுளித்தாள், பிறகு பழகிவிட்டாள்.

கடையில்தான் கஷ்டம். நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற இனிப்பை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு பெண்ணின் அப்பா முகம் சுருங்கிப்போய், எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வாய் இனிக்கக் கூடாதா என்றே கேட்டுவிட்டார். வேறு வழி தெரியாமல் காலைத் தூக்கிக் கட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தன் கையிலிருந்த பாதுஷாவை மெதுவாகப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. மூன்றாம் மாத முடிவில் பரிசோதித்தபோது நூற்று நாற்பது. டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். பாதத்து உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, திரும்பினாலும் கொஞ்சம்தான், தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

தை மாதம் முதலாளி லேப்பிலிருந்து ஆள் வரவழைத்துக் கடையிலிருந்த பன்னிரண்டு பேருக்கும் சர்க்கரை பார்க்க ஏற்பாடு செய்தார். மூன்று பேருக்கு இருந்தது. அக்காவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. என்னைவிட அதிகம்.

அவர் எண்ணைத் திரும்பக் கேட்டார். மிஷின் தப்பாக இருக்கும் என்று இன்னொரு விரலைக் கொடுத்தார். அதுவும் அப்படித்தான் காட்டியது. என் பட்டியலை அவர் ஒன்று விடாமல் ஒப்பித்தது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் எனக்கு அடுத்து நீண்ட கை அவருடையது. என் கையைப் பார்த்துக்கொண்டே தன் கையைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். நானும் அதைக் கவனிக்கவில்லை.

அக்கா தன் இடத்தில் வந்து உட்கார்ந்து ஒரு புடவையை எடுத்து மடித்தார். வெளியே தெரிய வேண்டிய முந்தானை உள்பக்கம் போய்விட்டது. பிரித்துத் திரும்ப மடித்தார். பிறகு கேட்டார்.

"நாலு மணிக்கு இன்னா பண்ற நீ?"

நல்ல பதிலாக எதையாவது சொல்லலாம் என்று யோசித்தேன். கடைசியில் உள்ளதையே சொன்னேன்.

"ஒண்ணும் பண்றதில்லக்கா. அது வரும். அஞ்சு மணிக்குப் போயிடும்."

அன்றைக்கு நாலு மணிக்கு டீ வந்தபோது அக்காவும் சர்க்கரை இல்லாததையே வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அஞ்சு மணி வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை.